மூன்று மூலையில் குந்திய கண்ணாடி

நிலானி, ஆதவன், இரண்டு பேரும் இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பட்டறையில் நின்றபடி வாசிக்க வேண்டாம். அங்கே ரெலிபோன் அடிக்கும், அரைவாசியில் விட்டுவிடுவீர்கள்.

நான் வேலையை உங்கள் கையில் தந்துவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு நிலானி கேட்டாள். "அப்பா, புதுசா ரெண்டு பேரை எடுத்திருக்கிறம். புத்தகத்திலை இல்லாத விஷயங்களை எழுதித் தாங்கோவன்" என்றாள். எழுதுகிற அளவுக்கு நான் படித்தவனல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் கார்க் கண்ணாடி எனக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கமராவைச் சரிக்கட்டுகிற கருவி பற்றியும் புதுப் பசைகள் பற்றியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். எதிரே ஒரு மனிதன் அவசரத்தில் நிற்கும்போது எப்படி முடிவெடுப்பது என்பதை மட்டும், ஒரு கண்ணாடியை வைத்துச் சொல்கிறேன். புதுப் பிள்ளைகளுக்கு நிலானி நொர்ஸ்க் மொழியில் விளங்கப்படுத்தட்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு நோர்வேஜிய மேற்பார்வையாளர் இருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். வாடிக்கையாளர் யாராவது அவரை நெருக்கினால், கெதியாகச் செய் என்று கத்தினால், இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். முதலில் இது என்ன திமிர் என்று நினைத்தேன். பிறகு நானே கேட்டேன். "கை வெளியில் இருந்தால் ஏதாவது செய்துவிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.

இனிக் கண்ணாடிக்கு வருகிறேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு தம்பி அட்டைப்பெட்டியில் கண்ணாடி வடிவத்துக்கு வெட்டிய துண்டொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பெயர் சரவணன். தமிழ்நாட்டிலிருந்து இங்கே கணினி வேலைக்கு வந்தவர்.

"அண்ணா, முன்கண்ணாடி ஒண்ணு வேணும்."

"என்ன கார் தம்பி?"

"என் கார்தாண்ணா."

"அது விளங்குது. ஆர் செய்த கார்?"

"நான்தாண்ணா செஞ்சேன்."

காரைப் பார்க்க வெளியே போனேன். வெளியே கார் இல்லை. தம்பி ரயிலில் வந்திருந்தார்.

அன்று பின்னேரமே, ஓஸ்லோவின் ஓரத்தில் அவர் இருக்கிற ரொம்சோஸுக்குப் போனேன். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் வீட்டுச் சங்கத்தின் கராஜ் வரிசை. அதில் ஒன்றுக்குள் அந்தக் கார் நின்றது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, தாழ்வான, சின்னக் கார். அடிச்சட்டத்தைத் தானே வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார். மேல்தகட்டைத் தானே தட்டி வளைத்திருந்தார். என்ஜின் மட்டும் விபத்துப்பட்ட ஒரு காரிலிருந்து வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் பொறாமைப்பட்டேன். ஒட்டு வேலை அவ்வளவு சுத்தம்.

அவருடைய மனைவி தர்ஷினி கோப்பி கொண்டுவந்தா. தர்ஷினி இங்கே பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். முதியோர் இல்லத்தில் தாதி.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கோ. எனக்கு முதலே இவருக்கு இந்தக் காரோடை கலியாணம் முடிஞ்சிட்டுது. நான் ரெண்டாந்தாரம்."

"அப்படில்லாம் இல்லண்ணா. சனிக்கிழமை சாயந்திரம் அவளோடதான் இருப்பேன்."

"ஓம், கராஜிலை. லைற் பிடிச்சுக்கொண்டு."

பழைய கார் கிடங்குகளில் இருந்த முன்கண்ணாடிகளை எல்லாம் அவர் அளந்து பார்த்துவிட்டார். ஒன்றும் பொருந்தவில்லை. பெரிய கண்ணாடி ஒன்றை வாங்கி வெட்டலாமா என்று கேட்டார். தட்டைக் கண்ணாடி என்றால் வெட்டலாம். வளைந்ததை வெட்டினால், கடைசி ஓரத்தில் கை வைக்கும்போது வெடிக்கும். பிளாஸ்ரிக் போடலாமா என்றார். ஒரு மாரிக் குளிருக்குள் வைப்பர் அதைச் சுரண்டிப் பனிப்புகார் பிடித்தது போல ஆக்கிவிடும். வீதித் திணைக்களச் சோதனையிலும் அது நிற்காது. இரண்டு தகடும் நடுவில் ஒட்டுப்படலமும் உள்ள கண்ணாடி வேண்டும், மூலையில் அங்கீகாரக் குறி பொறித்திருக்க வேண்டும். ஆகவே புதிதாகச் செய்விப்பதுதான் ஒரே வழி. போலந்தில் ஒரு தொழிற்சாலை இப்படித் தனிக் கண்ணாடிகளைச் சூளையில் வைத்து வளைத்துக் கொடுக்கும்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். "கார் முழுசா நிக்கவேணும். என்ஜின், கதவு, சீற், சில்லு எல்லாம் பூட்டி, தன்ரை காலிலை நிக்கேக்கைதான் அளவெடுப்பன். முட்டுக்கட்டையிலை நிக்கிற காரின்ரை அளவு வேறை, றோட்டிலை நிக்கிற காரின்ரை அளவு வேறை."

அவர் அப்படியே செய்தார். நான் அளவெடுத்தேன். மரத்தில் அச்சு செய்தோம். நாலு மூலையும் சட்டத்தில் அச்சொட்டாக இருந்ததை இரண்டு பேரும் கையால் தடவிப் பார்த்தோம். அச்சு போலந்துக்குப் போனது.

அங்கே முதல் கண்ணாடி சூளையிலேயே உடைந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், மறுபடி செய்கிறோம் என்றார்கள். காத்திருந்தோம். இந்த இடைக்குள் வீட்டுச் சங்கம் எல்லா வீட்டுக்கும் அறிவித்தது: பழைய கராஜ் வரிசையை இடிக்கப் போகிறோம், எல்லோரும் காலிசெய்ய வேண்டும். இலக்கத் தகடு இல்லாத வாகனத்தை வெளியில் விடவும் அனுமதி இல்லை.

சரவணனின் நிலைமை இப்போது உங்களுக்கு விளங்கும். சோதனையில் தேறினால் கார் தகடு பூட்டிக்கொண்டு வீதிக்கு வரும். தேறாவிட்டால் தூரத்திலுள்ள பேர்கனில் ஒரு சிநேகிதனின் கொட்டிலுக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். ஓஸ்லோவில் வேறு இடம் தேடிக் களைத்துப்போனார்.

"பேர்கன் போச்சுன்னா அவ்வளவுதாண்ணா. வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பாப்பேன். அப்புறம் ஒரு தடவை. அப்புறம் அவன் அது மேல வெறகு அடுக்குவான்."

அவர் சொன்னது சரி. வீட்டில் செய்கிற கார் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வராது. நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கராஜ் இடிக்கிற கிழமையில்தான் சோதனைக்கு நாள் கிடைத்தது. அதற்கு இரண்டு நாளுக்கு முன்தான் கண்ணாடி வந்தது. அழகான கண்ணாடி. மூலையில் குறி, வளைவில் ஒரு நெளிவு இல்லை. அச்சையும் கூடவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அடுத்த நாளே வேலைச் சாமான்களோடு ரொம்சோஸ் போனேன்.

பசை தொடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்ப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. சரவணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உறிஞ்சு கைபிடிகளால் தூக்கி மெதுவாக இறக்கினோம். மூன்று மூலை குந்தியது. வலது கீழ் மூலை எழும்பி நின்றது. சுண்டுவிரல் நுனி போகிற இடைவெளி. அந்த மூலையை அமத்தினால் எதிர் மூலை எழும்பியது.

எடுத்தோம். மறுபடி வைத்தோம். அதேதான்.

கண்ணாடியை மர அச்சில் வைத்துப் பார்த்தேன். நாலு மூலையும் குந்தியது. அப்படியென்றால் கண்ணாடி சரி.

"தம்பி, சட்டத்திலை கை வைச்சனீங்களோ? ஒட்டினது, தட்டினது ஏதும்?"

"சத்தியமா தொடலண்ணா. பெயின்ட் அடிச்சதோட சரி."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சட்டம் முறுகியிருப்பது என் கண் முன்னால் தெரிகிறது. இப்படியான இடத்தில்தான் பிள்ளைகளே, மூளை குறுக்கு வழி தேடும். சரவணனின் மூளை முதலில் தேடியது.

"அண்ணா, சின்ன கேப்தான். பசை போட்டு, பெல்ட் கட்டி இழுத்தா உக்காந்துடும்ல?"

"இருந்திடும்."

"அப்புறம் என்ன?"

"பசை கண்ணாடியை வளைச்சுப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். நாளைக்குச் சோதிக்கிறவர் குறியைப் பாப்பார், வெடிப்பு இருக்கோ எண்டு பாப்பார், விட்டிடுவார். தை மாசம் ஒரு காலமை நீங்கள் ஹீற்றரைப் போடுவீங்கள். வெளியிலை உறைபனி, உள்ளுக்குச் சூடு. அந்த மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பும்."

"தை மாசம்தானே? அப்ப வேற கண்ணாடி செஞ்சுக்கலாம். தகடு கெடைச்சிருக்கும், கார் ரோட்டுல நிக்கும். நாளைக்கு இது பாஸாகலன்னா எனக்கு ஜனவரியே கிடையாதுண்ணா!"

நியாயமான பேச்சு. அதை மறுக்க முடியாமல்தான் நான் கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன்.

"என் கார், என் ரிஸ்க்" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "நான் ஒத்துக்கிறேன். நீங்க ஒட்டுங்க."

"கார் உங்கடைதான். ஆனா அந்தக் கோடு நீங்கள் நெடுஞ்சாலையிலை போகேக்கை, வெயில் நேர முகத்திலை அடிக்கேக்கை, கண்ணுக்கு நேராக் கிளம்பினால்? பக்கத்து சீற்றிலை தர்ஷினி இருப்பா. நான் ஒட்டமாட்டன், தம்பி."

"அப்ப என்னதான் பண்றது?"

"தெரியாது. யோசிப்பம்."

"தெரியாது" என்று சொல்வதற்குப் பயப்படாதீர்கள். எனக்கு அப்போது உண்மையாகவே தெரியாது. சட்டத்தின் ஓரத்தை அராவிக் கண்ணாடிக்கு ஏற்றபடி பதிக்கலாம், பெயின்ற் போகும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு யோசனை ஓடியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் முறுகியது என்று தெரியாமல் ஒரு சட்டத்தை அராவினால், நாளைக்கு அது இன்னொரு பக்கம் முறுகும். எதையாவது செய்ய வேண்டும் என்ற அந்தரம் இருக்கிறதே, அதுதான் கண்ணாடியை உடைக்கிறது. சரவணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் தர்ஷினி ஓடி வந்தா. வேலை உடுப்பின் மேல் ஜக்கெற், கையில் ஒரு சின்னப் பை.

"இல்லத்திலை வாக்ட் முடிஞ்சு நேரே வாறன். ராகு காலம் துவங்கப் போகுது. முதல் காரை உருட்டுங்கோ!"

பையில் ஆறு தேசிக்காய். குரோருட் தமிழ்க் கடையில் வாங்கியது, சின்னதாய், பச்சையாய், கல்லுப் போல.

"எலுமிச்சம்பழமா? இப்பவா?" என்றார் சரவணன். "கண்ணாடியே உக்காரல தர்ஷினி. இவர் ஒட்டமாட்டேங்கிறார்."

"கண்ணாடி இருக்கிறது மாமாவின்ரை வேலை. இது என்ரை வேலை. நாளைக்குக் காலமை நல்ல நேரம் ஒண்டும் இல்லை. அம்மா ரெண்டு தரம் ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டா."

"இங்க இருக்கிற டென்ஷன்ல..."

"நீங்கள் ரெண்டு பேரும் முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டால் மட்டும் இருந்திடுமோ? தள்ளுங்கோ!"

அவ சொன்னதில் பிழை இல்லை. நாங்கள் சும்மாதான் நின்றோம். கண்ணாடியைப் போர்வையில் பத்திரமாக வைத்தேன். தர்ஷினி நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காயை வைத்துக் கும்பிட்டா. சரவணன் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி, நான் பின்னால் நின்று, தள்ளினோம். படக், படக் என்று சத்தம் கேட்டது.

தர்ஷினி குனிந்து பார்த்தா. நிமிரும்போது முகம் வெளிறியிருந்தது.

"ஹெர்ரெகுட், கடவுளே... மாமா, ஒண்டு நசியேல்லை."

மூன்று தேசிக்காய் பிசைந்துபோய்க் கிடந்தன. பின் இடது சில்லின் கீழ் வைத்தது மட்டும், ஒரு பக்கம் சப்பையாகி, தோல் கிழியாமல் உருண்டு சுவரோரம் போய் நின்றது.

"கூடாத சகுனம். நாளைக்குப் போகவேண்டாம். நான் சொன்னனான், சொன்னனான்..."

"தள்ளினது கோணலா இருக்கும்மா. சக்கரம் ஓரமா ஏறியிருக்கும்" என்றார் சரவணன். ஆனால் அவருடைய குரலும் நல்லாக இல்லை.

நான் அந்தத் தேசிக்காயைக் கையில் எடுத்தேன். சில்லின் பள்ளக் கோடுகள் அதன் நடுவிலேயே பதிந்திருந்தன. சில்லு நடுவால்தான் ஏறியிருக்கிறது. ஏறியும் நசியவில்லை.

"பிள்ளை, இன்னொரு தேசிக்காய் இருக்கோ?"

"மாமா, இது விளையாட்டில்லை."

"நானும் விளையாடேல்லை. தாங்கோ."

காரைப் பின்னால் உருட்டி, அதே பின் இடது சில்லுக்கு முன்னால் அவ தந்த தேசிக்காயை நானே வைத்தேன். மறுபடி தள்ளினோம். அதுவும் முழுசாக வெளியே வந்தது. பிறகு நான் போய் அந்தச் சில்லுக்கு மேலே இருந்த தகட்டோரத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். அந்தப் பக்கம் லேசாக எழும்பியது. மற்றப் பக்கம் போய்த் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"தம்பி, இந்தக் கார் மூண்டு காலிலைதான் நிக்குது. நாலாவது கால் சும்மா நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்குது. முறுக்கு அங்கைதான் வருது. சட்டத்தைத் தொடேல்லை எண்டீங்கள், சரி. நான் அளவெடுத்த பிறகு இந்தக் காரிலை வேறை என்ன செய்தனீங்கள்? எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஸ்கிரூ ஒண்டை மாத்தியிருந்தாலும் சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"ஸ்பிரிங்."

"என்ன ஸ்பிரிங்?"

"கண்ணாடி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியலண்ணா. நாலு ஸ்பிரிங்கும் புதுசு போட்டேன். இந்த மூலை மட்டும் கொஞ்சம் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஸ்பிரிங்கைத் தாங்குற வளையத்தை எறக்கி லெவல் பண்ணினேன்."

"எதை வைச்சு லெவல் பாத்தனீங்கள்?"

"கண்ணாலதான்." சொல்லிக்கொண்டே நிலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கராஜின் சீமெந்துத் தரை நடுவில் இருந்த தண்ணீர் வாய்க்காலை நோக்கிச் சரிந்திருந்தது. தரைதான் கோணல். கோணல் தரையில் நேராக நின்ற காரை, கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காக அவர் கோணலாக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. எந்தச் சில்லில் எவ்வளவு பாரம், சட்டம் எந்தப் பக்கம் முறுகும் என்று அவரே விரலால் காற்றில் கீறிக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். பாதி எனக்கு விளங்கவில்லை. மற்ற மூன்று ஸ்பிரிங்கையும் அளந்து, நாலாவது வளையத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றினார். காரை முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமத்தி ஆட்டினோம்.

தர்ஷினி பையில் மிஞ்சியிருந்த கடைசித் தேசிக்காயை எடுத்து, யாரையும் கேட்காமல், பின் இடது சில்லின் முன்னால் வைத்தா.

"ராகு காலம் வந்துடுச்சா?" என்று சரவணன் கேட்டார்.

"கதைக்காமல் தள்ளுங்கோ."

படக்.

அவ கை தட்டிச் சிரித்தா. கண்ணாடியைத் தூக்கினோம். மெதுவாக இறக்கினோம். நாலு மூலையும் ஒரே நேரத்தில், சத்தமே இல்லாமல் குந்தியது. சரவணன் சுண்டுவிரலை வலது கீழ் மூலையில் கொண்டுபோய் வைத்தார். விரல் நுழைய இடமில்லை. அந்த விரலை அவர் கனநேரம் எடுக்கவில்லை.

பிறகுதான் பசை எடுத்தேன். அந்த வேலையை நான் எழுதத் தேவையில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், அளவெடுத்த நாளுக்கும் பூட்டுகிற நாளுக்கும் இடையில் அந்தக் காருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அகலமாகக் கேளுங்கள். "சட்டத்தைத் தொட்டீங்களோ" என்று கேட்டால் சட்டத்துக்குத்தான் பதில் வரும். வீட்டில் கார் செய்கிறவர் ஒருநாளும் சும்மா இருக்கமாட்டார். கண்ணாடி வரும்வரை கைகட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர் கார் செய்யத் தொடங்கியே இருக்கமாட்டார். அது அவருடைய குற்றமில்லை. கேட்பது எங்கள் வேலை.

மற்றது, வாடிக்கையாளரின் வீட்டு ஆட்கள் ஏதாவது செய்ய வந்தால், சாமி காரியமோ, படம் எடுக்கிறதோ, எரிச்சல்பட்டு விலத்தி விடாதீர்கள். தர்ஷினி அன்றைக்குச் சகுனம் பார்த்தா, நான் பாரம் பார்த்தேன். ஒரே தேசிக்காயைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். அவ வந்திராவிட்டால் நான் பெயின்ற்றை அராவியிருப்பேனோ என்னவோ. ஆனால் ஒட்டியிருக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் பட்டறையில் நிற்கும்போது சரவணனின் அழைப்பு வந்தது. பின்னால் காற்றுச் சத்தம்.

"பாஸாயிடுச்சுண்ணா! கண்ணாடியைத் தட்டிப் பாத்தார், குறியைப் பாத்தார், யார் போட்டதுன்னு கேட்டார். எங்கண்ணான்னு சொன்னேன்."

"அங்கை ஆர் சத்தம் போடுறது?"

"தர்ஷினிதான் ஓட்டுறா. எனக்குக் குடுக்கமாட்டேங்கிறா."

"மாமா, ரெண்டாந்தாரத்துக்கும் ஒருக்கா ஓட உரிமை இருக்குத்தானே!" என்று அவ கத்தினது கேட்டது. மலைப்பக்கம் ஏரி பார்க்கப் போகிறோம் என்றார்கள். நான் மெதுவாகப் போங்கோ என்றேன். கேட்டிருக்காது.

வேலை முடிந்து போகும்போது ரொம்சோஸுக்குத் திருப்பினேன். உறிஞ்சு கைபிடிகளை அங்கேயே விட்டிருந்தேன். கராஜ் கதவு திறந்தபடி கிடந்தது, லைற் எரிந்துகொண்டிருந்தது. காலையில் போன அவசரத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை போல. கார் நின்ற இடம் இப்போது வெறுமையாக, நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. வாய்க்கால் ஓரம் முழுக்க அலுமினியத் தூள், ஒட்டு நாடாத் துண்டுகள்.

மூலையில் ஒரு தும்புத்தடி நின்றது. எடுத்துக் கூட்டினேன், மூலை முடுக்கு விடாமல். குப்பையை அள்ளிப் பையில் கட்டினேன். லைற்றை நிறுத்தி, கதவை இழுத்துச் சாத்தி, கைபிடியை இரண்டு தரம் ஆட்டிப் பூட்டு விழுந்ததா என்று பார்த்தேன். அந்தக் கிழமையே இடிக்கப் போகிற கராஜ்தான்.